இலேசான முக்காலி, நிலையான படம்

 

உங்கள் வீட்டிலுள்ள புகைப்படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெருநாள் காலையில் புத்தாடை அணிந்த பிள்ளைகள் நிற்பார்கள். மகளின் நிக்காஹ் அன்று கூடிய உறவினர்கள் வரிசையாக இருப்பார்கள். நன்னியின் மடியில் பேரக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் எல்லாப் படங்களிலும் ஒருவர் மட்டும் இருக்கமாட்டார். அவர்தாம் படம் எடுத்தவர். சில குடும்பங்களில் அவர் அத்தா. சில குடும்பங்களில் மூத்த மகன். இன்று பல இல்லங்களில் அது அம்மாவாகவும் இருக்கிறார். பின்னாளில் பேரப்பிள்ளைகள் அவரைப் படத்தில் தேடினால், “அவர்தாம் எடுத்தார்” என்பதைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமிராது.

இக்குறையை நீக்கும் எளிய கருவி, கேமராவைத் தாங்கி நிற்கும் மூன்று கால் தாங்கி. கடைகளில் இதை டிரைபாட் என்றும் ஸ்டாண்டு என்றும் சொல்வார்கள். நாம் இங்கே முக்காலி என்றே அழைப்போம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல், சேலையூர் வட்டாரத்து நடுத்தரக் குடும்பங்களில் தனிக் கேமரா இல்லாவிட்டாலும், நன்றாகப் படமெடுக்கும் கைப்பேசி ஒன்றேனும் இருக்கிறது. அதற்கொரு முக்காலி வேண்டுமெனப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதன் விலையோ சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல்லாயிரம் ரூபாய் வரை போகிறது. எடையும் விலையும் குறைந்து, அதே வேளையில் வேலைக்கும் உதவக்கூடியதை எப்படி அறிந்து வாங்குவது? இம்மாதம் அதைக் காண்போம்.

கை ஏன் போதாது?

வெட்டவெளியில் பகல் வெளிச்சம் இருக்கும்போது முக்காலி பெரும்பாலும் தேவையில்லை. கேமரா ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்திலேயே படத்தைப் பதிந்துவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் கை எவ்வளவு நடுங்கிவிடும்? வீட்டுக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் நிலைமை வேறு. அங்கே போதிய ஒளியைப் பெறுவதற்குக் கேமரா ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கோ பதினைந்தில் ஒரு பங்கோ கண் திறந்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் கை சற்றே அசைந்தாலும் முகங்கள் கலங்கிவிடும்.

புகைப்படக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும், 200 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் இருநூறில் ஒரு பங்குக்கும் மெதுவாகக் கையில் பிடித்து எடுக்கலாகாது என்பது அக்கணக்கு. இக்காலக் கேமராக்களிலும் கைப்பேசிகளிலும் அசைவைச் சரிசெய்யும் வசதி வந்திருப்பதால் இக்கணக்கு ஓரளவு தளர்ந்துள்ளது. எனினும் அது முற்றிலும் பொய்த்துவிடவில்லை.

புகைப்படக் கலை நம் மாநிலத்துக்கு வந்த தொடக்க நாட்களில் முக்காலியின்றிப் படமே இல்லை. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி சென்னை அரசின் புகைப்படக்காரராக 1858 இல் மதுரை, தஞ்சை, திருச்சி ஆகிய ஊர்களின் கட்டடங்களைப் படமெடுத்தார். மெழுகு பூசிய காகிதத்தில் உருவம் பதிய நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரிய மரப்பெட்டிக் கேமராவைச் சுமந்து நிற்க, அதற்கேற்ற கனமான மரக்கால்களும் வேண்டியிருந்தன. இன்று நம் கைப்பேசியின் எடை ஏறத்தாழ 200 கிராம்தான். சிறிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா அதன் சாதாரண லென்ஸோடு சேர்ந்து ஏறத்தாழ 700 கிராம் இருக்கும். சுமை குறைந்துவிட்டதால்தான் ஒரு கிலோ எடையுள்ள முக்காலியும் நமக்குப் போதுமானதாகிறது.

முதலில் செய்யவேண்டிய வேலை

முக்காலி வாங்குவோரில் பலர் அதன் உயரத்தையும் விலையையும் கேட்பார்கள். அதைக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. குடும்பப் படம் எடுக்கலாம். பிள்ளைகளின் பேச்சுப்போட்டியைப் பதிவு செய்யலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, நம் வட்டாரத்து இல்லங்களில் முக்காலியைக்கொண்டு செய்யவேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. வீட்டிலுள்ள பழைய படங்களையும் ஏடுகளையும் தாள்களையும் படியெடுத்து வைப்பதே அது.

2015 டிசம்பர் முதல் நாளை இப்பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், மேற்குத் தாம்பரம், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. மீண்டும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரும் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் நீரில் மிதந்தன. கட்டிலும் அலமாரியும் நனைந்தால் உழைத்து மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். வெள்ளத்தில் போன அரசுச் சான்றிதழ்களுக்கு 2015 இல் சிறப்பு முகாம்கள் நடத்தி மறுபடி வழங்கினார்கள். ஆனால் பாட்டனார் பினாங்கிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ எழுதிய கடிதத்தை எந்த முகாமில் கேட்டுப் பெறுவது? நன்னி தம் கையால் அரபுத்தமிழில் எழுதி வைத்த குறிப்பேட்டை யார் திருப்பித் தருவார்கள்? பெற்றோரின் நிக்காஹ் அன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நெகடிவ் எங்கே இருக்கிறது? ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்தெடுக்க முயன்றவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

இவற்றை ஸ்கேனரில் வைத்துப் படியெடுக்கலாம் என்பது உண்மையே. ஆனால் எல்லா இல்லங்களிலும் ஸ்கேனர் இருப்பதில்லை. நொறுங்கும் நிலையிலுள்ள பழைய கிதாபைக் கண்ணாடி மீது கவிழ்த்து அழுத்தினால் அதன் முதுகே முறிந்துவிடும். மேலிருந்து கேமரா அசையாமல் நோக்க, ஏடு தன் இடத்தில் விரிந்து கிடக்கும்படி எடுப்பதே பாதுகாப்பான முறை. கையில் பிடித்து நூறு பக்கங்கள் எடுத்தால் பாதிப் பக்கங்கள் கோணலாகவும் கலங்கியும் வரும். முக்காலியில் ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் பக்கத்தைத் திருப்புவதும் பொத்தானை அழுத்துவதும்தான் வேலை.

கைத்தொழில் செய்யும் சகோதரியருக்கும் இதே அமைப்பு உதவும். மருதாணி இடுதல், தையல், பூவேலை, சமையல் ஆகியவற்றைப் படம்பிடித்துக் காட்டி வீட்டிலிருந்தே வருவாய் ஈட்டுவோர் நம்மிடையே பலர் உள்ளனர். தம் முகத்தைக் காட்ட அவர்களில் பலர் விரும்புவதில்லை. மேலிருந்து கீழ்நோக்கும் கேமரா, கைகளையும் கைவேலையையும் மட்டுமே காட்டும். ஆகவே முக்காலி வாங்கும்போது, அதன் தலை கேமராவை நேர் கீழாக நோக்க வைக்குமா என்பதே நம் முதல் கேள்வியாக இருக்கட்டும். ஆறடி உயரத்தைவிட நம் இல்லங்களுக்கு இதுவே பெரிதும் பயன்படும்.

மூன்றில் இரண்டு

எடைக்குறைவு, விலைக்குறைவு, உறுதி என்னும் மூன்றையும் ஒரே முக்காலியில் முழுமையாகப் பெற இயலாது. எடை குறைந்தும் உறுதியாகவும் இருப்பது கார்பன் இழையால் ஆனது. அதன் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. உறுதியும் மலிவும் சேர்ந்தது தடித்த அலுமினியக் கால்களையுடையது; அதைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். எடையும் விலையும் குறைந்தது மெல்லிய அலுமினியக் கால்களையுடையது. அதில் உறுதி சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். நாம் வாங்கப்போவது இந்த மூன்றாம் வகை. ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள், ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ளவை இவ்வகையில் கிடைக்கின்றன. டிஜிடெக், சிம்பெக்ஸ் முதலிய பெயர்களில் வருபவற்றைப் பல கடைகளில் காணலாம். ஆனால் பெயரைக் காட்டிலும் பொருளைப் பார்ப்பதே அறிவுடைமை. ஒரே பெயரில் நல்லதும் வரும், சுமாரானதும் வரும்.

உறுதி சற்றுக் குறையும் என்பதைத் தெரிந்துகொண்டே வாங்கினால் ஏமாற்றமில்லை. அந்தக் குறையை எங்கே ஏற்கலாம், எங்கே ஏற்கலாகாது என்று அறிவதுதான் திறமை.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள்

படத்தையும் விளம்பரத்தையும் நம்பாமல், கடையில் முக்காலியை விரித்து நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியையோ கேமராவையோ உடன் கொண்டுபோங்கள். பின்வருவனவற்றைப் பொறுமையாகப் பாருங்கள்.

முதலாவது, உயரம். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் உயரம், நடுத்தண்டை முழுவதும் மேலே உயர்த்தி அளந்த உயரம். நடுத்தண்டு மேலேறினால் முக்காலி தன் பெயருக்குரிய பலத்தை இழந்து, ஒற்றைக்கால் கம்பமாகிவிடுகிறது. ஆகவே நடுத்தண்டை உயர்த்தாமல் எவ்வளவு உயரம் வருகிறது என்று பாருங்கள். 120 சென்டிமீட்டர் வந்தால் தாராளம். குடும்பப் படம் எடுக்கக் கேமரா நிற்பவர்களின் மார்பளவில் இருந்தாலே போதும். கண்ணளவுக்கும் மேலே தூக்கி எடுத்தால் முகம் பெருத்து, கால்கள் குறுகித் தெரியும்.

இரண்டாவது, காலின் கடைசித் துண்டு. கால்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் மூன்று அல்லது நான்கு குழாய்களால் ஆனவை. எல்லாவற்றுக்கும் கீழேயுள்ள குழாயே மிக மெல்லியது. பாரம் முழுவதும் தரையைச் சேர்வது அதன் வழியாகத்தான். குழாயின் சுவர்த் தடிப்பு மாறாமல் விட்டம் மட்டும் இரு மடங்கானால், வளைந்துகொடுக்காத தன்மை ஏறத்தாழ எட்டு மடங்காகும். ஆகவே விரல் பருமனில் சிறு வேறுபாடு தெரிந்தாலும் அது பெரிய வேறுபாடே. நான்கு துண்டுக் கால் மடித்தால் குட்டையாகும். மூன்று துண்டுக் கால் நின்றால் உறுதியாகும். வீட்டில் வைத்தே பயன்படுத்துவோர் மூன்று துண்டுள்ளதை வாங்கட்டும்.

மூன்றாவது, பூட்டு. காலை நீட்டியபின் அதை இறுக்கிப் பிடிப்பது, மடக்கும் கொக்கியாகவோ முறுக்கும் வளையமாகவோ இருக்கும். மலிவான முக்காலிகளில் கொக்கிதான் பெரும்பாலும் வரும். அது இறுகியிருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும் என்பதால் நமக்கு அது வசதியே. எல்லாக் கொக்கிகளையும் இறுக்கிவிட்டு, முக்காலியின் தலைமீது உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். ஏதேனும் ஒரு கால் வழுக்கிக் குறுகினால் அதை ஒதுக்கிவிடுங்கள். கொக்கியில் சிறிய திருகு இருந்தால், பின்னாளில் தளர்ச்சி ஏற்படும்போது திருப்புளியால் இறுக்கிக்கொள்ளலாம்.

நான்காவது, தலை. கைப்பிடியைத் திருப்பி மேல் கீழாகவும் இடம் வலமாகவும் அசைக்கும் தலை ஒருவகை. ஒரு குண்டைச் சுற்றி எப்பக்கமும் சாயும் தலை இன்னொரு வகை. வீடியோ எடுப்போருக்கும் ஏடுகளைப் படியெடுப்போருக்கும் கைப்பிடித் தலையே ஏற்றது. ஒரு திசையைச் சரிசெய்யும்போது மற்றொரு திசை கலைவதில்லை. அதை நேர் கீழாகச் சாய்த்துப் பாருங்கள். சில தலைகள் முன்பக்கம் கொஞ்சமே சாய்ந்து, பின்பக்கம் முழுவதும் சாயும். அப்படியாயின் கேமராவை எதிர்ப்புறமாகத் திருப்பிப் பொருத்திக் கீழ்நோக்க வைக்கலாம். எப்படித் திருப்பினாலும் கீழ்நோக்காத தலை நமக்கு உதவாது. கீழ்நோக்கி இறுக்கிய பின் கேமரா தன் பாரத்தால் மெல்லத் தாழ்கிறதா என்றும் ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள்.

ஐந்தாவது, தகடும் திருகும். கேமராவின் அடியில் திருகிப் பொருத்தும் சிறு தகட்டை எடுத்து மாட்டும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. திருகின் அளவு கால் அங்குலம். உலகெங்கும் சாதாரணக் கேமராக்களுக்கு இதே அளவுதான் என்பதால் அதில் கவலையில்லை. ஆனால் தகட்டின் வடிவம் ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் ஒவ்வொரு விதம். அது தொலைந்தால் முக்காலியே பயனற்றுப்போகும். ஆகவே கூடுதல் தகடு தனியே கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கிடைத்தால் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாவது, தாங்கும் எடை. மூன்று கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால், மூன்று கிலோவுக்கு உடையாது என்றே பொருள் கொள்ளவேண்டும். மூன்று கிலோவுக்கு அசையாது என்றல்ல. நம் கேமராவின் எடையைப்போல் மூன்று மடங்கு தாங்குமென எழுதியிருப்பதை வாங்கினால் நெஞ்சில் பயமின்றிப் பயன்படுத்தலாம்.

ஏழாவது, மடித்த நீளம். மின்சார இரயிலில் காலை நேரத்துக் கூட்டத்தில் ஏறி இறங்குவோர் இதை மறந்துவிடலாகாது. 45 சென்டிமீட்டருக்குள் மடிந்தால் கல்லூரிப் பிள்ளைகளின் தோள்பைக்குள் அடங்கும். அதற்கு மேற்பட்டால் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு பிறர் முகத்தில் இடிக்கும். எடுத்துச் செல்லத் தயங்கி வீட்டில் போட்டுவிட்டுப் போகும் முக்காலி எவ்வளவு உறுதியானதாக இருந்தும் பயனென்ன?

இறுதியாக ஒரு சோதனை. கேமராவைப் பொருத்தி, தூரத்திலுள்ள ஒரு பெயர்ப்பலகையைத் திரையில் பெரிதாக்கிக் காணுங்கள். ஒரு காலை விரலால் மெல்லத் தட்டுங்கள். திரையில் எழுத்துகள் ஆடும். அந்த ஆட்டம் இரண்டு மூன்று நொடிகளில் அடங்கினால் நல்லது. அடங்காமல் ஆடிக்கொண்டேயிருந்தால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று முக்காலிகளை அருகருகே நிறுத்தி இவ்வாறு தட்டிப் பார்த்தால், விலைச்சீட்டு சொல்லாததை இந்த ஆட்டம் சொல்லிவிடும்.

எங்கே வாங்குவது?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை போன்ற உள்ளூர்க் கடைத்தெருக்களில் கைப்பேசித் துணைப்பொருள் விற்கும் கடைகளில் சிறிய வகைகள் கிடைக்கும். தேர்ந்தெடுத்து வாங்க விரும்புவோர் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கும், கடற்கரை இரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பர்மா பஜாருக்கும் ஒரு நடை போய்வரலாம். இணையத்தில் வாங்குவோர், திருப்பியனுப்பும் நாள் வரம்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பொருள் வந்த அன்றே மேற்சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள். எங்கே வாங்கினாலும் ரசீது பெறுங்கள்.

முக்காலி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறினாலும் பெரிதாகக் கெட்டுவிடும் பொருளன்று. புதிய மெல்லியதை வாங்குவதைவிட, உறவினர் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பழைய தடித்ததைக் கேட்டுப் பெறுவது சில வேளைகளில் மேலானது. ஒரு வீட்டில் தூசு படிந்து கிடப்பது மறுவீட்டில் பயன்பட்டால், வீண்விரயமும் குறையும்.

கைப்பேசிக்கு மட்டும் என்றால்

கேமரா இல்லாதவர்கள் கைப்பேசியைக் கவ்விப்பிடிக்கும் பிடி ஒன்றைத் தனியே வாங்க வேண்டும். சில முக்காலிகளுடன் அது சேர்ந்தே வரும். பிடியின் வாய்ப்பகுதியில் ரப்பர் இருக்க வேண்டும். இழுவில்லின் பலம் குறைவாயிருந்தால் கீழ்நோக்கிப் பொருத்தும்போது கைப்பேசி நழுவி விழும். ஆயிரம் ரூபாய் முக்காலியில் இருபதாயிரம் ரூபாய்க் கைப்பேசியைத் தொங்கவிடுகிறோம் என்பதை மறக்கலாகாது. இழுவில் உள்ளதைவிடத் திருகி இறுக்கும் பிடியே நம்பத் தகுந்தது.

வட்ட விளக்குடன் வரும் மெல்லிய கம்பத் தாங்கிகள் விலை மலிவாகக் கிடைக்கின்றன. அவை விளக்கைத் தாங்கவே ஏற்பட்டவை. அவற்றின் கால்கள் குட்டையானவை. தலை கனத்தால் சாய்ந்துவிடும். சிறு குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அவற்றைத் தவிர்ப்பது நலம். மேசைமீது வைக்கும் ஒரு சாண் உயரக் குட்டி முக்காலி, பாடம் நடத்தும் ஆசிரியைகளுக்கும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு முகம்பார்த்துப் பேசும் பெரியவர்களுக்கும் போதும். அதற்குமேல் அவர்கள் செலவிட வேண்டியதில்லை.

ஏடுகளைப் படியெடுக்கும் முறை

சன்னலோரம் ஒரு மேசையைப் போடுங்கள். வெயில் நேராக விழாத, பரவலான வெளிச்சமே ஏற்றது. விளக்குக் கீற்றைத் தரும் பிளாஷை அணைத்துவிடுங்கள். பளபளப்பான பழைய படங்களில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும்.

முக்காலியின் ஒரு காலைக் கேமரா நீளும் திசையிலேயே வையுங்கள். அப்போதுதான் கவிழாது. எதிர்ப்புறம் நடுத்தண்டின் அருகில் ஒரு துணிப்பையில் ஒரு கிலோ அரிசியைத் தொங்கவிட்டால் சமநிலை கிடைக்கும். கேமரா ஏட்டுக்கு நேர்மேலே, கோணலின்றி இருக்கிறதா என்று அறிய எளிய வழியொன்று உண்டு. ஏடு வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியைத் தட்டையாக வையுங்கள். கேமராத் திரையின் நடுவில் லென்ஸின் பிம்பம் சரியாகத் தெரிந்தால் கோணலில்லை. விலகித் தெரிந்தால் தலையைச் சிறிது திருத்துங்கள்.

பழைய கிதாபுகளை முழுவதும் விரித்து அழுத்தாதீர்கள். குர்ஆன் ஓதும்போது விரித்துவைக்கும் மரப்பலகையில் வைத்தால், நூலின் முதுகுக்கு வருத்தமில்லாமல் பாதி விரிந்து நிற்கும். பலகையின் சாய்வுக்கு ஏற்றபடி கேமராவையும் சாய்த்து, முதலில் வலப்பக்கங்களை எல்லாம் எடுங்கள். பின்னர் நூலைத் திருப்பி வைத்து இடப்பக்கங்களை எடுங்கள். பொத்தானை விரலால் அழுத்தினால் அந்த அழுத்தமே கேமராவை அசைக்கும். ஆகவே இரண்டு நொடி தாமதித்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

எடுத்த படங்களை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். வீட்டில் ஒரு பிரதி, வெளியூரிலோ வெளிநாட்டிலோ உள்ள பிள்ளையிடம் ஒரு பிரதி என இருந்தால் எந்த வெள்ளமும் இரண்டையும் ஒருசேர அழிக்காது. பத்திரங்களைப் படமெடுத்துவிட்டோம் என்று மூலத்தை அலட்சியமாக வைத்துவிடாதீர்கள். படம் நினைவுக்கும் எண்களை எடுத்துச் சொல்வதற்கும் உதவுமே அன்றி, மூலப் பத்திரத்தின் இடத்தை அது பெறாது.

மொட்டைமாடியும் கடல்காற்றும்

பிற்பகலுக்குமேல் கடல்காற்று கிழக்கிலிருந்து புறநகர் வரை வந்து சேர்கிறது. நமக்கு அது இதம். இலேசான முக்காலிக்கோ சோதனை. மொட்டைமாடியில் நிறுத்தும்போது கால்களை அகல விரித்து, கடைசி மெல்லிய துண்டை நீட்டாமல் தாழ்வாக நிறுத்துங்கள். கைப்பிடிச் சுவரின் மறைவில் வைப்பது இன்னும் நல்லது. நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் பையைத் தொங்கவிடலாம். பை அந்தரத்தில் ஆடினால் முக்காலியும் சேர்ந்து ஆடும்; அதன் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும்.

தலைப்பிறையைப் படமெடுக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். மேற்கு வானில் கதிரவன் மறைந்தபின் சிறிது நேரமே தெரியும் அந்த மெல்லிய கீற்றைக் கையில் பிடித்து எடுப்பது அரிது. வெளிச்சம் இருக்கும்போதே முக்காலியை நிறுத்தி, தூரத்துக் கட்டடமொன்றில் தெளிவைச் சரிசெய்து ஆயத்தமாக இருங்கள். நிலவு தன் விட்டத்தின் அளவை வானில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில் அது கண்ணெதிரே நகர்ந்து செல்லும். ஆகவே பல நொடிகள் கேமராவைத் திறந்து வைத்தால் முக்காலி அசையாவிட்டாலும் பிறை கலங்கும். ஒரு நொடிக்குள் எடுத்துவிடுவதே நலம். முக்காலியில் பொருத்தியபின், அசைவைச் சரிசெய்யும் வசதியைப் பழைய லென்ஸ்களில் அணைத்துவிடுங்கள். அசைவு இல்லாத இடத்தில் அது தானே அசைவை உண்டாக்குவதுண்டு.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022 இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் அங்கே வரும் பூநாரைகளைப் பெரிய லென்ஸ் கொண்டு எடுக்க விரும்புவோருக்கு நாம் சொல்லும் இந்த இலேசான முக்காலி போதாது. இரண்டு கிலோ எடையுள்ள லென்ஸை இதன்மேல் ஏற்றினால் படமும் கெடும், லென்ஸும் விழும். அவர்கள் சிறிது காத்திருந்து பணம் சேர்த்துத் தடித்ததையே வாங்கட்டும்.

எல்லா இடத்திலும் முக்காலியை நிறுத்திவிடலாகாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலி வைத்துப் படமெடுக்க முன்னனுமதி வேண்டும். தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் மீனம்பாக்கம் விமான நிலையத்தையும் ஒட்டிய தடைசெய்யப்பட்ட பகுதிகளில் கேமராவை எடுப்பதே வம்பு. இரயில் நடைமேடையில் முக்காலியின் காலில் ஒருவர் தடுக்கி விழுந்தால் அந்தப் பழி நம்மையே சேரும்.

கோவளம் கடற்கரைக்குக் கொண்டுசென்றால், திரும்பியதும் கால்களை முழுவதும் நீட்டி நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். மணலும் உப்பும் பூட்டுகளுக்குள் தங்கிவிட்டால் அலுமினியம் அரிக்கும், கொக்கி இறுகாது. எண்ணெய் பூசாதீர்கள், எண்ணெயில் மணல் ஒட்டிக்கொள்ளும்.

அன்புச் சகோதர சகோதரியரே! ஐப்பசி மழைக்கு முன்னே வீட்டுக் கூரையையும் வடிகாலையும் சரிபார்ப்பது நம் வழக்கம். அவ்வரிசையில் அலமாரியின் மேல்தட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மஞ்சள் படிந்து கிடக்கும் கடிதங்களையும் படங்களையும் ஒரு விடுமுறை நாளில் எடுத்துச் சன்னலோரம் வையுங்கள். பக்கங்களைத் திருப்பப் பெரியவர்களும், பொத்தானை அழுத்தப் பிள்ளைகளுமாக ஒன்றுகூடி அமருங்கள். படத்திலிருப்பவர் யார், கடிதம் எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, இளையவர்கள் எழுதிக்கொள்ளட்டும். பெயர் தெரியாத முகங்களின் படம் அடுத்த தலைமுறைக்கு வெறும் தாளே. வேலை முடிந்ததும் முக்காலியை எதிரே நிறுத்தி, பத்து நொடி தாமதம் வைத்து, படமெடுப்பவரும் ஓடிவந்து சேர்ந்துகொள்ள, வீட்டார் அனைவரும் இருக்கும் படம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறொரு பொருளுடன் சந்திப்போம்.